கோட்டை ஆட்டத்தின் மேல் நான் போட்ட பழி

மாதேசு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஊரில் நாலு பேர் இதைப் படித்து முடித்திருப்பார்கள். பெற்ற மகனிடம் சொல்வதற்கு முன்னால் ஊருக்குச் சொல்கிறானே என்று கோபப்படாதே. பழியை ஊரில் வைத்துத்தான் போட்டேன், அதை எடுப்பதும் ஊரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். உத்தனப்பள்ளி டீக்கடையில் ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறேன். உன் தாய்மாமன் வீட்டுக்கு ஒன்று, தளியில் ரூபாவின் வீட்டுக்கு ஒன்று. கையால் எழுதியது உனக்கு. நான் பத்தாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்ற பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்கவில்லை.

ரூபா வீட்டுச் சம்பந்தம் இடையில் ஏன் திடீரென்று நின்றது என்று நீ உன் அம்மாவிடம் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். "அப்பாவே எழுதுவாரு" என்று அவள் போனை வைத்துவிடுகிறாள். நான் சொல்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஓசூரில் வாட்ச்மேனாக நிற்கும் கம்பெனி கேட்டுக்கு ரூபாவின் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பேச்சில் பாதி கன்னடம். பெண் கொடுப்பதற்கு முன்னால் பையனின் ஊரில் விசாரிப்பது வழக்கம்தானே. அவர் காலையிலேயே உத்தனப்பள்ளியில் இறங்கி, டீக்கடையில் விசாரித்திருக்கிறார். டீக்கடையில் என்ன சொல்லியிருப்பார்கள்? நான் நாலு வருடமாகச் சொல்லி வைத்ததைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பையன் போன்ல ஏதோ கோட்டை கேம் ஆடிக்கினே நெலத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாராமே. ஹௌதா? நெசந்தானா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் உள்ளே போக ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. நான் போய் நம்பரை எழுதி, கேட்டைத் திறந்து, மறுபடி மூடிவிட்டுத்தான் வந்தேன். யோசிக்க அவகாசமே இல்லை என்று நான் சொல்ல முடியாது. வேண்டிய அவகாசம் இருந்தது. திரும்பி வந்து அவரிடம் சொன்னேன்: "சின்ன வயசுங்க. வெளையாட்டுப் புத்தி. இப்பத் திருந்திட்டான்."

"நெலத்தயே காப்பாத்தத் தெரியாதவரு பொண்ண எப்பிடிங்க காப்பாத்துவாரு?" என்றார். அவ்வளவுதான். மறுநாள் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று பெண் எடுத்துப் பெண் கொடுத்த எல்லாருக்கும் தெரியும்.

இனி நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நீ இதுவரை கேட்டதில்லை.

நீ ஆறாவது படித்தபோது ஒருநாள் உன்னை ராயக்கோட்டை மண்டிக்குக் கூட்டிப்போனேன். அந்த வருடம் நம் தக்காளி நல்ல பழம், ஒவ்வொன்றும் கைக்கு நிறைவாக இருந்தது. முதல் ஏலத்தில் குறைத்துக் கேட்டார்கள் என்று நான் ரோஷப்பட்டுக் கொடுக்கவில்லை. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். வெளியூர் லாரிகள் வரிசையாக வந்து இறங்க, பெட்டியைத் தூக்கிப் பார்க்கக்கூட ஆளில்லாமல் போனது. திரும்பும் வழியில் அத்தனையையும் ரோட்டோரம் கொட்டினேன். நீ கீழே இறங்கி, "இது நல்லாத்தான்ப்பா இருக்குது, இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று ஒவ்வொரு பழமாகப் பொறுக்கிக்கொண்டு அழுதாய். அன்றிலிருந்து, முதலில் கேட்டவனுக்கே தள்ளிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காத்திருந்தால் அழுகிவிடும் என்ற பயம் எனக்கு எலும்பு வரைக்கும் போய்விட்டது. தக்காளிக்கு அது சரி. நிலம் தக்காளி இல்லை என்பதுதான் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நம் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று பேச்சு கிளம்பியதும் தரகர் ஒருவர் வந்தார். அவர் கேட்ட முதல் விலைக்கே நான் மனதுக்குள் சரி சொல்லிவிட்டேன். நீ அப்போது தளிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பசுமைக்குடில் போட்டுக் குடை மிளகாய் வைக்கலாம், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, "ரெண்டே ரெண்டு வருசம் குடுப்பா" என்று என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? சாயங்காலமானால் போனும் கையுமாக உட்காரும் பையன் விவசாயத்தைப் பற்றி எனக்குச் சொல்லவா என்ற இளக்காரம். தரகர் ஒன்று சொன்னார்: "பட்டா உங்க பேர்ல இருக்குது, பரவால்ல. ஆனா பரம்பரைச் சொத்து. பையன் சம்மதம்னு ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. நாளைக்குக் கோர்ட்டு கேஸுன்னு எங்களுக்குத் தலைவலி வரக் கூடாது."

நேராகக் கேட்டால் நீ போட மாட்டாய். அது எனக்குத் தெரியும். அதே மாதிரி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உங்கள் ஆட்டத்தில் சண்டை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கூட்டத்தில் ஏழு பையன்கள். மரம், கல், தானியம் என்று வாரம் முழுவதும் சேர்த்து, சுவர் எழுப்பி, படை திரட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு முறை எதிரியின் கோட்டையைத் தாக்க வேண்டும். அதற்கு நாலே நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் வீடு பற்றி எரிந்தாலும் நீ தலையைத் தூக்க மாட்டாய் என்று நான்தான் எத்தனை தடவை உன் அம்மாவிடம் கேலி பேசியிருப்பேன். அந்தக் கேலியை வைத்துத்தான் திட்டம் போட்டேன். பேப்பரின் மேல்பாதியை மடித்து, அட்டைக்குள் சொருகி, நீ தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடங்கும் வரை காத்திருந்து வந்தேன்.

"என்னதுப்பா?" என்றாய்.

"பயிர் இன்சூரன்ஸுடா. ஏஜென்ட்டு ரோட்ல நிக்கிறாரு. சீக்கிரம் போடு, போயிருவாரு."

இரண்டு இடத்தில் போட்டாய். சமையலறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள். நான் திரும்பி வந்ததும், "அது இன்சூரன்ஸ் பேப்பர் மாதிரி இல்லியே" என்றாள். "ஒண்ணியும் இல்ல, வாய மூடு" என்றேன். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். உன் பெண்டாட்டி ஒன்றைப் பார்த்து "இது சரியில்லையே" என்று சொன்னால், அந்த இடத்திலேயே நில். அவள் சொல்வது தப்பாகவே இருக்கட்டும், நின்று கேள். அன்றைக்கு நான் ஒரு நிமிடம் நின்றிருந்தால் தரகரின் வண்டி வெறுங்கையோடு திரும்பியிருக்கும். உன் அம்மா எனக்குப் பயந்து நாலு வருடம் ஊமையாக இருந்திருக்க மாட்டாள்.

நிலத்தை வாங்கியவர்களின் ஆட்கள் வந்து எல்லைக் கல் நட்டபோதுதான் உனக்குத் தெரிந்தது. உன் தாய்மாமனும் உன் பெரியப்பாவும் ஊரில் இரண்டு பெரியவர்களும் நம் வீட்டில் கூடினார்கள். "இன்சூரன்ஸுன்னு சொல்லித்தான் வாங்குனாரு" என்று நீ சொன்னாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் உடம்பு கூசியது, ஆனால் நாக்கு கூசவில்லை. "நான் எங்கடா சொன்னேன்? போன்ல மூழ்கிக் கெடந்த. எத நீட்டுனாலும் போட்டிருப்ப" என்றேன். பெரியவர்கள் உடனே தலையாட்டினார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு பையனும் ஒரு போனும் இருந்ததால் என் பொய்க்குச் சாட்சியே தேவைப்படவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பையனை நினைத்துக்கொண்டு உன்னைத் திட்டினார்கள். நீ அம்மாவைப் பார்த்தாய். அவள் தரையைப் பார்த்தாள். நீ போனை என் முன்னால் வைத்து, "இதுதான நெலத்த வித்துச்சு? நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாய். பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் வேலை, ரூம் என்று உன் அம்மா மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது.

அதோடு விட்டேனா? டீக்கடையில் யாராவது "பையன் எங்க?" என்று கேட்கும்போதெல்லாம் கதையை எடுத்து விட்டேன். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், தங்கள் பையன்களைத் திட்டுவார்கள், எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. வாங்கியவர்கள் நிலத்தைச் சுற்றி சிமெண்ட் பலகையால் மதில் எழுப்பினார்கள். கம்பெனி வரவில்லை. உள்ளே பார்த்தீனியம் ஆள் உயரம் நிற்கிறது. கிணற்றை இடிபாடு கொட்டித் தூர்த்துவிட்டார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். கைக்கு வந்தது வீட்டுக்குத் தளம் போட்டதிலும் என் முதுகு வைத்தியத்திலும் கரைந்துபோனது. ஐம்பத்தெட்டு வயதில் அடுத்தவன் கேட்டைக் காக்க வந்தேன்.

வாட்ச்மேன் வேலையில் சேர்ந்தபோது, தினமும் கேட்டில் நின்று போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். என் பட்டன் போன் அதற்கு ஆகாது. பரணில் கிடந்த உன் போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். ஒருநாள் மதியம், லாரி எதுவும் வராத நேரத்தில், அந்தக் கோட்டைப் படத்தைத் தொட்டுவிட்டேன். என் குடியைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதைப் பார்ப்போமே என்று ஒரு வீம்பு.

முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. நீ சேர்த்து வைத்திருந்த கல்லையும் மரத்தையும் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. வைத்திருந்தால் அழுகிவிடுமே! அத்தனையையும் கொடியும் தோரணமுமாக வாங்கி நட்டு இரண்டே நாளில் தீர்த்தேன். அடுத்த நாள் எவனோ வந்து அடித்துப்போனான், சுவரைச் சரிசெய்யக் கையில் ஒரு கல் இல்லை. பிறகு மெல்ல மெல்ல, நீ எதை எங்கே வைத்திருந்தாய் என்று கவனித்தேன். தானியக் களஞ்சியத்தை நட்ட நடுவில் வைத்து, அதைச் சுற்றி இரண்டு அடுக்குச் சுவர், அதற்கு வெளியே காவல் கோபுரங்கள். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் அரண்மனையை ஓரத்தில் விட்டிருந்தாய். வருகிறவன் அதைத்தான் முதலில் அடிப்பான், அதற்குள் அவன் நேரம் முடிந்துவிடும். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்த ஒருவன் கட்டியது அது. எனக்கு அந்த யோசனை வாழ்நாளில் ஒருநாளும் வந்ததில்லை. பிறக்கப்போகும் உன் பிள்ளை எதையாவது விளையாடினால், திட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன விளையாடுகிறது என்று கேள். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் பசுமைக்குடில் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டிருப்பேன்.

அந்த ஆட்டத்துக்குள் உங்கள் கூட்டத்தார் பேசிக்கொள்ள ஒரு இடம் இருக்கிறதல்லவா? கோட்டையில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் அதில் உன் சிநேகிதன் சீனு, "மாதேசு, வந்துட்டியாடா?" என்று எழுதினான். எனக்குக் கை வரவில்லை. மறுநாளும் கேட்டான். நாலாவது நாள், "நான் அவன் அப்பா" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துச் சீனு எழுதினான். அதை நான் அப்படியே தருகிறேன்: "அங்கிள், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு சண்டைல நாங்க தோத்துட்டோம். மாதேசுதான் கடைசி ஆளு. நடுவுல கைய எடுத்துட்டான். ஏன்டான்னு திட்டுனோம். எங்கப்பா கையெழுத்து கேட்டாரு, அவருக்கு அவசரம், அதான் எடுத்தேன்னு சொன்னான்."

ஆட்டத்தில் மூழ்கிக் கண்மூடித்தனமாகக் கையெழுத்துப் போட்டான் என்று நாலு வருடமாகச் சொன்னேன். நீயோ ஆட்டத்தை விட்டுவிட்டுப் போட்டிருக்கிறாய். ஏழு பேர் ஒரு வாரம் சேர்த்ததை, அப்பனுக்கு அவசரம் என்று தூக்கிப் போட்டிருக்கிறாய். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துத்தான் "என்னதுப்பா?" என்று கேட்டாய். அந்த முகத்தை நான் மறந்தே போயிருந்தேன், அல்லது மறந்த மாதிரி வைத்திருந்தேன். பேப்பரைப் படிக்காமல் போட்டது உன் தப்பு என்று இன்னும் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். அப்பன் நீட்டியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடும் பிள்ளையாக நீ இல்லாமல் போனதற்கு நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சீனு இதை எழுதியது ரூபாவின் மாமா கேட்டுக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்னால். ஆமாம், முன்னால்தான். எல்லாம் தெரிந்த பிறகுதான் "வெளையாட்டுப் புத்தி" என்று அவரிடம் சொன்னேன். சீருடை போட்டுக்கொண்டு, கேட் திறந்து மூடும் இடத்தில், நான் ஒரு பொய்யன் என்று ஒரு வேற்று ஆளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்கு உன் கல்யாணத்தைக் கொடுத்தேன்.

சம்பந்தம் நின்ற செய்தி வந்த அன்று உன் அம்மா சோறு ஆக்கவில்லை. "நாளைக்கு நான் தளிக்குப் போறன். வந்தா வாங்க, வல்லைன்னா நானே சொல்லிக்கிறன்" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனோம். ரூபாவின் அப்பா, மாமா, அவள் அம்மா எல்லாரும் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நான் வழுக்கினேன். "அவசரத்துல நானும் சரியாச் சொல்லாம..." என்று இழுத்தபோது உன் அம்மா, "இல்லீங்க, இன்சூரன்ஸுன்னு சொன்னாரு. என் காதால கேட்டன்" என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ரூபா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அழுத்தமான பெண்.

அவள் அப்பாதான் பேசினார். "தப்பு பையன் மேல இல்லன்னா எங்களுக்குச் சந்தோசந்தாங்க. கல்யாணத்த வெச்சுக்கலாம். ஆனா ஒண்ணு. பெத்த பையன் தலைலயே பழி போட்ட கையி எங்க பொண்ணு தலைல அட்சதை போடறத எங்களால பாக்க முடியாது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாதுதான்.

"நான் வரலீங்க" என்றேன்.

கிளம்பும்போது ரூபா கேட்டாள்: "இத அவருகிட்டச் சொன்னீங்களா?" இல்லை என்றேன். "அவருக்கு எழுதுங்க. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. அவரு இத்தன வருசமா யாருகிட்டயும் உங்கள விட்டுக் குடுத்துப் பேசுனதில்ல, எங்கிட்டக்கூட." அந்தச் சொல்லோடுதான் நான் பஸ் ஏறினேன். நீ அவளிடம்கூடச் சொல்லாமல் காத்த அப்பன் நான்.

தை மாதம் தளியிலேயே முகூர்த்தம் வைத்திருக்கிறார்கள். என் இடத்தில் உன் தாய்மாமன் உட்காருவான், அவனிடம் பேசிவிட்டேன். அவன் இதைப் படித்துவிட்டு என்னை அடிக்க வந்தாலும் உனக்காக உட்காருவான். நீ அவர்களிடம் போய் எனக்காகக் கெஞ்சிக்கொண்டு நிற்காதே. பெரிய மனது பண்ணி என்னையும் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வராதே. நீ அப்படி நினைக்கக்கூடியவன், அதுதான் எனக்குப் பயம். அன்றைக்கும் அதற்கு முதல் நாளும் காலை ஷிஃப்ட்டை நான் கேட்டு வாங்கிவிட்டேன்.

உன் அம்மாவை மட்டும் முதல் நாள் காலை நேரில் வந்து கூட்டிப்போ. அவளுக்குத் தளி மலைப் பாதையில் தலைசுற்றுகிறது, பஸ்ஸில் வரச் சொல்லாதே, கார் எடுத்துக்கொண்டு வா. ஒரு பட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், நான் எடுத்தது என்று தெரிந்தால் கட்டுவாளோ என்னவோ, நீ கொண்டுவந்ததாகச் சொல். ஆறு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஏழு மணிக்கு மேல் வா. அந்த நேரம் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

அப்பா